ஆயிரத்து நூற்று நாற்பதாவது வரி

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பொய் என்றால் இன்று மத்தியானம் சாப்பிட்ட சோறு எனக்குச் செரிக்காமல் போகட்டும்.

பன்னிரண்டாயிரம் உயிரைக் கொல்லப் பார்த்துவிட்டோம் என்று கண்ணுசாமிக்குத் தெரிந்தபோது காலை மணி ஒன்பது. 1987, சித்திரை மாதம். ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்தும் சட்டை அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

உயிர் என்றால் கோழி. நாமக்கல்லுக்கு மேற்கே கந்தப்பனின் கோழிப்பண்ணையில், தீவனத்தில் எது எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு நாலே தாளில் அடங்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் கண்ணுசாமி.

கம்ப்யூட்டர் விற்ற கோயமுத்தூர் கம்பெனி முந்தின நாள் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தது. ஐந்து ஃபிளாப்பி, ஒரு கடிதம். மற்ற புரோகிராம்களை வரிவரியாகப் படித்துக் குற்றம் கண்டுபிடிக்கிற புரோகிராமாம்.

கண்ணுசாமி ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகச் சொருகி, கடிதத்தில் இருந்த கட்டளைகளை எழுத்துப் பிசகாமல் தட்டி, அதை உள்ளே குடிவைத்தான். குடிவைத்த கையோடு 'படி' என்று கட்டளை கொடுத்தான்.

பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. காகிதம் மேசையை விட்டு இறங்கி, தரையில் ஊர்ந்து, கதவிடுக்கு வழியாக வெளியே போய் அவன் கழற்றிவிட்ட செருப்பின்மேல் படுத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு குற்றங்கள்.

அதில் ஒன்றை அவன் மூன்று தடவை படித்தான். 'வரி 1140: இங்கே வைத்த உச்ச அளவை யாரும் பார்ப்பதே இல்லை.'

அவன் உச்ச அளவு வைத்தது உப்புக்கு மட்டும்தான். உப்பு கூடினால் கோழி தண்ணீர் குடித்துக் குடித்தே சாகும்.

தண்ணீர் விடும் ஆராயி, முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டே கதவைத் திறந்தாள். "சாமி, கோழிக ரெண்டு நாளா தண்ணிய உடவே மாட்டேங்குதுங்க. தூக்கித் தூக்கி என்ற இடுப்பே கழண்டு போச்சு."

அந்தப் படிக்கிற புரோகிராமையே அழித்துவிடலாம் என்று கண்ணுசாமி விரலை வைத்தான். அழிக்கிறவன் பெயரையும் அது குறித்து வைத்துக்கொள்ளுமோ என்று பயந்து விரலை எடுத்தான். காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு கந்தப்பனிடம் போய் உள்ளதைச் சொன்னான்.

கந்தப்பன் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்து நிதானமாகப் பார்த்தார். தீவனத்தை நிறுத்தச் சொன்னார். தொட்டியில் கிடந்ததையும் வழித்து எடுக்கச் சொன்னார். அப்புறம் இவன் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, ஒரு கோழி சாஞ்சாலும் அதுக்குப் பக்கத்துலயே உனக்கும் ஒரு குழி. உன்ற ஒசரத்த மட்டும் சொல்லிப் போடு, வெட்டச் சொல்றேன்."

பசித்த பன்னிரண்டாயிரம் கோழிகள் ஒன்றாகக் கத்தினால் ராசிபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

தீனி போட்டாலும் சாகும், போடாவிட்டாலும் சாகும். கண்ணுசாமி பண்ணை ஆபீசுக்கு ஓடி, மேசைமேல் இருந்த டெலிபோனை எடுத்து, கோயமுத்தூர் கம்பெனிக்கு டிரங்க் கால் கேட்டான். இணைப்பு வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்குள் சன்னலுக்கு வெளியே ஒருவன் மண்வெட்டியோடு வந்து, இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெட்டத் தொடங்கியிருந்தான்.

மறுமுனையில் வந்தது கமலவேணி. ஃபிளாப்பிகளை அனுப்பிய பொறியாளர் அவள்தான். அவன் அழுது முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"உங்க புரோகிராம் மொத்தம் எத்தன வரிங்க?"

"இருநூத்திப் பத்துங்க."

"அப்பறம் ஆயரத்தி நூத்தி நாப்பதாவது வரி எங்கிருந்துங்க வந்துச்சு?"

கண்ணுசாமி விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.

"எந்த எடத்துல இருந்து கட்டளை குடுக்கறீங்களோ, அங்க இருக்கறதத்தானுங்க அது படிக்கும். நீங்க உங்க புரோகிராம் இருக்கற எடத்துக்குப் போகாம, அதோட ஊட்டுக்குள்ளயே நின்னு குடுத்திருக்கறீங்க. அது தன்னையேதான் படிச்சிருக்குதுங்க. முந்நூத்திப் பன்னெண்டு குத்தமும் அதோடதுதான்."

தீனி போட்டார்கள். கோழிகள் அடங்கின. அவை இரண்டு நாளாய்த் தண்ணீரை விடாமல் குடித்தது சித்திரை வெயிலுக்கு. வெட்டிய குழி வீணாகக் கூடாது என்று கந்தப்பன் அதில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டார்.

அந்தப் பண்ணைக்கு முதன்முதலில் டெலிபோன் இணைப்பு கிடைத்தது, இதற்கு இரண்டு வருடம் கழித்து, 1989-இல்.