எடைக்கேற்ற மருந்து

அடையாறில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக். பவுல்சாமி வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

“ரோஸி படுத்த படுக்கையாயிடுச்சு டாக்டர். ராவெல்லாம் வலியில முனகுது. போன வருஷம் டாமிக்குக் கடைசியா ஒரு ஊசி போட்டீங்களே, அந்த மருந்தைக் குடுங்க.”

“இங்க தூக்கிட்டு வாங்க சார்” என்றார் டாக்டர் நீரஜா.

“தொட்டாலே கத்துது. நானே போட்டுக்கிறேன்.”

“அதெல்லாம் கையில தர முடியாது. நான் வீட்டுக்கு வர்றேன். எடைக்கேத்த அளவுதான் மருந்து எடுக்கணும். இப்போ எத்தனை கிலோ இருக்கும்?”

“முப்பத்தெட்டு” என்றார் பவுல்சாமி. “போன வாரம்தான் ஆஸ்பத்திரியில பார்த்தாங்க.”

நீரஜாவின் பேனா நின்றது. ரோஸி பொமரேனியன் நாய். குட்டியிலிருந்து நீரஜாவிடம்தான் வைத்தியம். நான்கு கிலோவைத் தாண்டியதே இல்லை.

“சார்… உங்க மிசஸுக்கு கீமோ குடுத்துட்டிருந்தாங்களே?”

“இனிமே பிரயோஜனமில்லன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.” பவுல்சாமி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “டாமி எவ்வளவு நிம்மதியா போச்சுன்னு அவ பக்கத்துல இருந்து பார்த்தா, டாக்டர். அதையே எனக்கும் வாங்கிட்டு வாங்கன்னு அவதான் அனுப்பினா.”