ஒரு ஆளுக்கு எவ்வளவு

"கீரை, பூசணித் துண்டு, கால் முட்டைக்கோஸ், ரெண்டு கேரட்டு," என்று ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டபடி எண்ணினாள் என் மகள் மரிட்சா.

அரெகிப்பாவிலிருந்து பதினாறு மணி நேரம் பஸ்ஸில் வந்தவள். கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

போன மாதமே போனில் சொல்லியிருந்தாள்: "ஒனக்குச் சர்க்கரை இருக்கு. ஒழுங்கா சமைச்சுச் சாப்பிடலேன்னா என்கூடக் கூட்டிட்டு வந்துடுவேன். லிமா வீட்டைப் பூட்டிடலாம்."

நாற்பத்தாறு வருட வீடு. பூட்டுவதற்கா கட்டினோம்?

அதனால்தான் ஃப்ரிட்ஜில் காய்கள் இருந்தன. அத்தனையும் சந்தையில் சொராய்தா கடையிலிருந்து இரவல்.

"நாளைக்கு அப்படியே வந்துடணும் கசேரா," என்று வாடிக்கைக்காரியைக் கூப்பிடும் முறையில் சொல்லியிருந்தாள் அவள். "பொய் சொல்லப்போறது நீ. வாடப்போறது என் காயி."

மரிட்சா கதவை மூடினாள். அடுப்பைப் பார்த்தாள்.

"இன்னிக்குத் திங்கக்கிழமை. பருப்பு எங்கேம்மா?"

திங்களன்று பருப்பு வேகாத வீடு இந்த ஊரில் உண்டா? எல்லாவற்றையும் இரவல் வாங்கினவள், அதை மறந்திருக்கிறேன்.

"மத்தியானமே சாப்பிட்டாச்சு."

"மிச்சம்?"

"ஒரு ஆளுக்கு வெக்கிறதுல மிச்சம் எங்கேடி வரும்? பானையும் கழுவிக் கவுத்தாச்சு. இன்னும் என்ன, வயித்தைக் கிழிச்சுக் காட்டணுமா?"

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நம்பிவிட்டாள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நாளைக்குக் கோழி ரத்தப் பொரியல், புதன்கிழமை கினுவா சூப், வியாழக்கிழமை கீரையும் முட்டையும் என்று, சுகாதார நிலையத்து நர்ஸ் கொடுத்த தாளில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். எல்லாம் மலிவு, எல்லாம் சத்து என்று அந்த நர்ஸ் முடிப்பது மாதிரியே முடித்தேன்.

"அப்போ நீ வரமாட்டே."

"நான் எதுக்கு அங்கே? ஒன் புருஷனுக்குச் சோறு போடவே ஒனக்குப் பொழுது சரியா இருக்கும்."

மரிட்சா கைப்பையைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தாள். பிறகு பஸ் டிக்கெட்டுகளை எடுத்தாள். திரும்பிப் போகிறதற்கு இரண்டு இருந்தன. ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, எனக்கான மற்றதைப் பின்பக்கம் திருப்பி மேஜைமேல் போட்டாள்.

"அரிசி எவ்ளோ போடுவே?"

"ரெண்டு பேருக்குன்னா ஒரு பால் டின்னு..."

"ஒரு ஆளுக்கும்மா."

நான் அவளையே பார்த்தேன். அவள் டிக்கெட்டின் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் என்னை விட்டுட்டு ஜூன்லயே போயிட்டாரு. எனக்காக மட்டும் அடுப்பு மூட்ட மனசே வரலே. ரொட்டியும் டீயுமா ஓடிட்டிருக்கு. நீ வந்தா ரெண்டு பேரா உக்காந்து சாப்பிடலாம்னு நெனச்சேன். நீதான் தனியா நல்லாவே சாப்பிடறியே. சொல்லு, எவ்ளோ?"

நானும் எனக்காக அடுப்பு மூட்டுவதில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

"அரை டின்னு," என்றேன்.

எழுதிக்கொண்டாள்.

வீடு நிறைய ஆளுக்குச் சமைத்த என் வாழ்நாளில் மூன்று டின்னுக்குக் குறைவாக நான் அரிசி அளந்ததில்லை.

"தண்ணி?" என்றாள், டிக்கெட்டிலிருந்து பென்சிலை எடுக்காமலே.