லூஸ் கான்டாக்ட்

துபாயிலிருந்து வீடியோ காலில் வந்த மாப்பிள்ளை நசுருதீனிடம், "மேல படிக்கணும், இந்தக் கல்யாணம் வேணாங்க" என்று சொல்லிவிடத்தான் தஹ்ஸீன் அறைக் கதவைச் சாத்தினாள். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். அதனால்தான் இயர்போன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய அந்த இழவு, சமயம் பார்த்துக் கழுத்தை அறுத்தது. தலை குனிந்தால் காதில் 'கொர்'ரென்றது. நிமிர்ந்தால் அதுவும் போச்சு.

"எனக்கு இஷ்டமில்லைங்க... கேக்குதா?"

திரையில் அவன் உதடு மட்டும் அசைந்தது.

எரிச்சலோடு ஒயரை முறுக்கிக்கொண்டு குனிந்தாள், நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள், நிமிர்ந்தாள். அவன் சிரித்துக் கையசைத்து, இணைப்பையே துண்டித்துவிட்டான்.

"சீ!" இயர்போனைப் பிடுங்கி வீசிவிட்டு, மறுபடி அவனைக் கூப்பிட்டாள்; லைன் பிஸி. இன்னொரு தரம் முயல்வதற்குள் அம்மா மஜீதா ஓடிவந்து அவள் வாயில் சர்க்கரையைத் திணித்தாள்.

"மாஷா அல்லாஹ்! மாப்பிள்ளை இப்பத்தான் எனக்குப் போன் பண்ணாரு. 'சம்மதமான்னு கேட்டேன் மாமி. வெக்கத்துல குரலே வரல, ஆனா விடாம தலையாட்டினாங்க'ங்கறாரு!"