கைபிடித்துக் கொடுக்க வேண்டியவர்

கல்யாண மண்டபத்து வாசலில் பைக்கை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி ஜாபர் சாதிக் அந்த ஃபிளெக்ஸை இன்னொரு முறை படித்தார்.

ஷமீல், ரம்லத் தம்பதியின் மகள் ஹிஸானா என்று மலையாளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பெற்ற தகப்பன் ஜாபர். பெற்றதோடு சரி. ஹிஸானா எல்.கே.ஜி. போகிற வயதிலேயே ரம்லத்தோடு உறவு முறிந்துவிட்டது. பிறகு ரம்லத்தைக் கட்டிக்கொண்ட ஷமீல்தான் பிள்ளையைப் படிக்கவைத்து, நகை போட்டு, மாப்பிள்ளையும் பார்த்தவர். ஃபிளெக்ஸில் யார் பெயர் போடலாம் என்று கேட்டிருந்தால் ஜாபரே ஷமீல் பெயரைத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் யாரும் கேட்கவில்லை.

கேட்டது ஒன்றே ஒன்றுதான். நிகாஹ் மேடையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உனக்குக் கொடுத்தேன் என்று பெற்ற தகப்பன்தான் சொல்லவேண்டும். அவன் உயிரோடு இருக்கும்போது வளர்த்தவர் சொன்னால் செல்லாது. அதற்காக ரம்லத்தின் தம்பி ஆஷிக், ஜாபர் வேலை பார்க்கும் மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்குக்குத் தேடி வந்து, புதுச் சட்டையும் வேட்டியும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மாப்பிள்ளையின் பெயரை ஜாபர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

உள்ளே நாற்காலி போடுகிற சத்தம் கேட்டது. பத்தரை மணி நிகாஹுக்கு ஏழரைக்கே வந்து நிற்பவரை வாங்க என்று சொல்ல அங்கே ஆளில்லை. கோபத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

பைக்கைத் திருப்பினார். ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம் என்றுதான் நினைப்பு.

தோப்பும்படிப் பாலம் இறங்கியதும் இருந்த கடையை ஒரு கண்டெய்னர் லாரி மறைத்துக்கொண்டு நின்றது. சரி, அடுத்த கடை. அதற்கும் அடுத்த கடை. எர்ணாகுளம் போயிற்று, பெரும்பாவூர் போயிற்று, கோதமங்கலமும் போயிற்று. வண்டி போனது, அவர் மேலே உட்கார்ந்திருந்தார்.

நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டியதும் காடு வந்துவிட்டது.

மரங்கள் வெயிலை உள்ளே விடவில்லை. பாறையில் தண்ணீர் கசிந்து ரோட்டை நனைத்திருந்தது. ஜோடி ஜோடியாகப் பைக்குகள் அவரை முந்திப் போயின. வெள்ளை வேட்டியோடு ஒற்றையாய் மலையேறுகிறவரை, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

இங்கே விழுந்து கிடந்தாலும் தேட ஒரு ஆள் கிடையாது என்று ஜாபருக்குத் தோன்றியது. கிடங்கில் நாளைக்கே வேறு ஒருவன் சுக்குப் புடைப்பான். இன்றைக்கு, அந்த ஒரு காரியத்துக்கு மட்டும், அவர் இல்லாமல் முடியாது. அந்த நினைப்பு இனித்தது. இனித்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

காட்டுக்குள் நாலைந்து வளைவு போனபோது போன் அடித்தது.

ஆஷிக். காஜியார் வந்தாச்சு, மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சு, எங்கே இருக்கிறீர்கள் என்று மூச்சிரைக்கக் கேட்டான். நேரியமங்கலம் பாலம் தாண்டி நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். ஆனால் கொஞ்சம் தவிக்கட்டுமே என்று இருந்தது.

"மூணாறு தாண்டிட்டேன்," என்றார். மூணாறு இன்னும் இரண்டு மணி நேர மலைப்பாதை.

ஆஷிக் பதில் சொல்வதற்குள் ரேஞ்ச் போய்விட்டது.

வண்டியை ஓரங்கட்டிப் பாறையில் உட்கார்ந்தார். ஜெயித்த மாதிரி இருந்தது. ஒரு சிகரெட் எரிந்து முடியும்வரைகூட அது தாங்கவில்லை. ஆனாலும் வீம்புக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

மருதாணிக் கையோடு காத்திருக்கும் பெண் மனசுக்குள் வந்தாள். அவள் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. அந்த எல்.கே.ஜி. முகத்துக்கே கல்யாண முக்காட்டைப் போர்த்திப் பார்த்தார். அவள் தனக்கு என்ன கெடுதல் செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை.

பைக்கைத் திருப்பினார்.

விரட்டிப் போனால் மதிய ளுஹர் தொழுகை சமயத்துக்குப் போய்ச் சேரலாம். எல்லோரிடமும், ஷமீலிடமும்கூட, மன்னிப்புக் கேட்கலாம். கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பிரியாணிக்கு நிற்காமல் திரும்பிவிடலாம். வளைவுக்கு வளைவு, என் மகளை, என் மகளை என்று வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டே இறங்கினார்.

பாலத்துக்கு வந்ததும் ரேஞ்ச் கிடைத்தது. ஆஷிக்கின் குரல் செய்தி வந்து கிடந்தது.

"மச்சான், நிகாஹ் கழிஞ்சு, எல்லாம் முடிஞ்சாச்சு. தகப்பன் அத்தனை தூரத்துல யாத்திரையில இருந்தா, காஜியே கைபிடிச்சுக் கொடுக்கலாமாம், கிட்டத்துல இருந்தா அது செல்லாதாம். பக்கத்துல எங்கயாச்சும்னா அவர் வரட்டும், சாயங்காலம் ஆனாலும் இருக்கேன்னுதான் ஹிஸானா சொன்னா. மூணாறுன்னு கேட்டப்புறம்தான் சம்மதிச்சா. நீங்க மெல்ல வாங்க."

ஜாபர் அதை மறுபடியும் கேட்டார். ஹிஸானா சொன்னதை மட்டும் இன்னும் ஒரு தடவை கேட்டார்.

பாலத்தின் மேல் வெயில் கொளுத்தியது. புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு போனை வாயருகே பிடித்து, மூணாறில் நல்ல குளிர், திரும்ப ராத்திரி ஆகிவிடும் என்று பேசி அனுப்பினார்.