எச் வரிசை, எட்டாம் நம்பர்

கன்டெய்னர் யார்டில் வரிசைப் பெயர்களைப் படிக்கத்தான் நாற்பது வயதில் எழுத்துக் கற்றேன். சாப்பாட்டு நேரத்தில் மொபைலோடு செஸ் பழகுவேன். எனக்கு ராஜா மட்டும், அதற்கு ராஜாவும் யானையும். என் ராஜா மாட்டிய கட்டம் எதுவோ, யார்டிலும் அதே வரிசை, அதே நம்பரில்தான் மதிய வேலை வரும். தினமும் தோற்பேன், தினமும் வேலை முடிந்து வீட்டுக்குப் போவேன்.

அன்று தோற்கவில்லை. எச்-எட்டு மூலையில் என் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஆட்டம் டிரா.

“கம்ப்யூட்டராவது தப்பு பண்றதாவது! அதுவா வுட்டுக்கீது மாமு,” என்று சிரித்தான் கூட வேலை செய்யும் பிரகாஷ்.

மதியம் எச் வரிசை, எட்டாம் நம்பர். நான் நின்ற மூலைக்கு இரண்டு பக்கம் மதில். மீதி இரண்டு பக்கமும் கிரேன் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது.

மூன்று முறை விடிந்துவிட்டது. பசிக்கவில்லை. மொபைலில் சார்ஜும் குறையவில்லை. ‘உங்கள் முறை’ என்கிறது.