சனி, ஞாயிறு கழித்து வந்த பணம்

அப்பா சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடும்போது அம்மாவின் போன் ஒலித்தது.

திங்கட்கிழமை. திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். செம்பட்டியிலிருந்து எட்டரை பஸ்ஸைப் பிடித்தால் டோக்கன் வாங்கிவிடலாம்.

பிளாஸ்டிக் கவரில் ஸ்டான்லி அண்ணனின் போட்டோ, பாஸ்போர்ட் நகல், நான் எழுதிய மனு. "கனடாவில் இருக்கும் எங்கள் மகனிடமிருந்து நான்கு மாதமாகப் பேச்சில்லை" என்று அப்பா பெயரில் எழுதியிருந்தேன்.

பேச்சில்லாவிட்டாலும் ஐந்தாம் தேதியானால் பணம் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் யாரும் தேடவில்லை.

இந்த மாதம் ஐந்தாம் தேதி வரவில்லை. ஆறாம் தேதியும் வரவில்லை. அப்போதுதான் அம்மா அழுதாள். அப்பா மனு எழுதச் சொன்னார்.

சனி, ஞாயிறில் வெளிநாட்டுப் பணம் கணக்கில் ஏறாது என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் மனு எழுதியிருக்க மாட்டோம்.

அம்மா போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். சிரித்தாள்.

"வந்துருச்சுங்க! எப்பவும் வர்றத விட இம்புட்டு கூடப் போட்டிருக்கான். எம்புள்ள நல்லாத்தான் இருக்கான்."

"கழுதப் பய, பேச மட்டும் நேரமில்லையாக்கும்" என்று அப்பா பொத்தான்களைக் கழற்றினார்.

கவர் பீரோ மேல் போனது.

அம்மா என் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்துக் கறி வாங்கி வரச் சொன்னாள்.

இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரூபாயை மடித்து வைத்துக்கொண்டேன்.

போன முறை வந்தபோது சிறுமலை பஸ்ஸில் அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னான். சேமிப்பு முழுவதையும் ஒரு ஃபண்டில் போட்டிருக்கிறானாம். உள்ளே எல்லாம் பேங்க் பங்குகள். அவற்றின் விலை ஏறினால் கிடைக்கும் லாபத்தை மாதாமாதம் முன்கூட்டியே வேறு யாருக்கோ விற்றுவிடுவார்கள். அப்படிக் கிடைக்கும் காசுதான் தானாக அம்மா கணக்குக்கு வருகிறது. பங்குச் சந்தையில் பயம் கூடும்போது அந்தக் காசும் கூடும். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், நான் சம்பாதித்து அனுப்புவதாகவே இருக்கட்டும் என்றான். சத்தியம் வாங்கிக்கொண்டான்.

கறிப் பையை எடுத்தேன். அம்மா அடுப்படிக்குப் போனதும் பீரோ மேலிருந்த கவரை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

எட்டரை பஸ் இன்னும் போயிருக்காது.

அன்று மலைப்பாதை வளைவில் கேட்டேன், மாதாமாதம் நீ ஏதாவது செய்ய வேண்டுமா என்று.

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் வேணாம் ஜெஸ்ஸி. நான் இல்லாட்டியும் வரும்."