கால் சுற்று

துருவ நட்சத்திரம் இன்றும் இடம் மாறி நின்றது.

அது நகராது என்பது எனக்கும் தெரியும். வானத்தில் மற்றதெல்லாம் ஊர் சுற்றினாலும் அது மட்டும் வடக்கே நட்டு வைத்த மாதிரி நிற்கும். அதை நம்பித்தான் என் மொத்த ஆட்டமும். தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டின் அச்சு அதை நேராகப் பார்த்தால்தான், மணிக்கணக்கில் எடுக்கும் படத்தில் நட்சத்திரங்கள் புள்ளியாக விழும். கொஞ்சம் பிசகினாலும் கோடு கோடாக இழுத்துக்கொள்ளும்.

ஐந்தாவது மாடிக்கு மேலே, மொட்டை மாடியில், முக்காலியின் மூன்று கால்களையும் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன். அதை அசைக்க ஒரு ஆள் போதாது.

அப்படியிருந்தும் மூன்று வாரமாகத் தினமும் இதே கதை. அச்சுக்குள் இருக்கும் சின்னக் குழாயில் கண்ணை வைத்தால், நட்சத்திரம் அதற்கென்று குறித்த வட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும். அச்சைத் தூக்கும் திருகாணியைக் கால் சுற்று திருகுவேன். சரியாகிவிடும். மறுநாள் மாலை மறுபடியும் கால் சுற்று.

முதலில் மனைவியைத்தான் சந்தேகப்பட்டேன். முக்காலியில் ஈரப் போர்வையைக் காயப்போட்ட வரலாறு அவளுக்கு உண்டு.

"நான் மாடிக்கு வந்தே ஒரு மாசம் ஆச்சு. உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து அதுக்கே அலுத்துப்போய் நகருதோ என்னவோ," என்றாள்.

பிறகு பூனையைச் சந்தேகப்பட்டேன். பிறகு காற்றை. கடைசியில் மவுண்டையே கழற்றிக்கொண்டுபோய்ப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். ஒரு கோளாறும் இல்லை என்று நாலாவது நாள் திருப்பிக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு முழுச் சுற்று திருக வேண்டியிருந்தது.

நாலு நாளுக்கு நாலு கால் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பழுது பார்ப்பவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

போன வாரம் மழை விட்டு வானம் துடைத்த மாதிரி இருந்தது. நெபுலா ஒன்றைப் படம் எடுக்க எல்லாம் தயாராக வைத்திருந்த நேரத்தில், குடியிருப்போர் சங்கத்திலிருந்து கீழே கூப்பிட்டார்கள். அவர்களுக்கு எப்போதும் இதே வேலை. எரிச்சலோடு இறங்கிப்போய், இரண்டே நிமிடத்தில் கேட்டதை முடித்துக் கொடுத்துவிட்டு மேலே ஓடி வந்தேன். நெபுலா அருமையாக வந்தது.

இன்று கால் சுற்று போதவில்லை.

நட்சத்திரம் குழாயின் விளிம்புக்கே போயிருந்தது. ஒரு சுற்று திருகினேன். இன்னொரு சுற்று. வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. கையை எடுத்தேன். கண்ணை எடுக்கவில்லை.

நட்சத்திரம் மெதுவாக மேலே ஏறியது.

கொஞ்சம் நின்றது. மறுபடியும் ஏறியது. வட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது.

நான் எதையும் தொடவில்லை. காற்று இல்லை. பூனையும் இல்லை.

மூன்று வாரமும் அதே திருகாணி, அதே திசை. வடக்கே தாழ்ந்துகொண்டே போன அச்சைத்தான் நான் தினமும் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வடக்குப் பக்கச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று எட்டிப் பார்த்தேன். பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்காக எங்கள் சுவரை ஒட்டித் தோண்டிய பள்ளம், இரண்டு மாடி ஆழத்துக்கு இருட்டாகக் கிடந்தது. அடியில் ஊறும் தண்ணீரை மோட்டார் இறைத்துக்கொண்டே இருந்தது. மூன்று வாரமாக அந்தச் சத்தம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

சாய்ந்துகொண்டிருந்தது நாங்கள் குடியிருக்கும் கட்டடம்.

லிஃப்டைத் தொடாமல் படியில் இறங்கினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே, "வெளிய வா, செருப்பெல்லாம் வேண்டாம்," என்றேன். முப்பத்து நாலு வருடத்தில் முதல் முறையாக எதிர்க்கேள்வி கேட்காமல் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கீழே இருக்கும் வீடுகளின் மணியை அடித்துக்கொண்டே இறங்கச் சொல்லி அவளை அனுப்பிவிட்டு, எதிர்வீட்டு மணியை நான் அடித்தேன்.

டீச்சர் சிவப்புப் பேனாவும் கையுமாகக் கதவைத் திறந்தார். அவருடைய பெண்கள் இருவரும் உள்ளே தரையில் படுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அதான் லிஃப்ட்ல லெட்டர் ஒட்டியிருக்கே சார். கீழ தூண்ல இருக்கிறது வெறும் பூச்சு விரிசல், பயப்பட ஒண்ணும் இல்லன்னு இஞ்சினியர் நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

போன வாரம் என்னைக் கீழே கூப்பிட்டது அதற்குத்தான். போனில் டார்ச்சைப் போட்டு ஒரு பார்வை. ஒரு கையெழுத்து. இரண்டு நிமிடம்.

"நான் சரியாப் பாக்கலம்மா," என்றேன்.

ஓய்வு பெற்ற மனிதரைப் பார்க்கும் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். காலையில் சங்கத்தில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கதவு பாதியில் தரையில் இடித்து நின்றது.

இன்னொரு முறை அழுத்தித் தள்ளினார். அது அசையவில்லை. கதவின் அடியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலைல நல்லாத்தான் மூடுச்சு," என்றார்.